நடத்தை அறிவியல்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் துறைக்கு அறிமுக வகுப்புகள் எடுக்கிறேன். வகுப்பு முடிந்து வாசல் வரை வருவதற்குள் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள். ஆள் மாறுவார்கள், கேள்வி மாறாது. அவற்றைக் கேட்டவர்கள் பேசிய விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போவதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

நடத்தை அறிவியல்னா என்ன? சுருக்கமா சொல்லுங்களேன்.

மனிதர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள், எந்தச் சூழலில் செய்கிறார்கள், சூழலை மாற்றினால் செய்வதும் மாறுகிறதா என்பதைச் சான்றுகளோடு ஆராயும் துறை. இதில் "உண்மையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது இங்கே கேள்வி இல்லை. என்ன செய்வதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதோடும் இது நின்றுவிடுவதில்லை.

படியேறுவது உடம்புக்கு நல்லதா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். லிஃப்ட் கதவு திறந்திருந்தால் அதே ஆட்கள் லிஃப்டில் ஏறிவிடுவார்கள். அந்த ஆமாமுக்கும் இந்த லிஃப்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பு.

நடத்தைன்னா ஒழுக்கம்தானே? யார் நல்லவங்க, யார் கெட்டவங்கன்னு ஆராயுற படிப்பா?

இது தமிழ்ச் சொல் செய்யும் வேலை. "அவர் நடத்தை சரியில்லை" என்றாலே நம் காதில் வேறு அர்த்தம் விழுகிறது. சான்றிதழில் வரும் நன்னடத்தையும் அதே வகை. இந்தத் துறையில் நடத்தை என்றால் வெறும் செயல். கொட்டாவி விடுவது, மாத்திரை போட மறப்பது, வரிசையில் முந்துவது, ஓட்டுப் போடப் போவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோனை எடுத்துப் பார்ப்பது எல்லாமே நடத்தைதான். வரிசையில் முந்துவது தப்பா என்று கேட்பது அறவியல். எந்த மாதிரி வரிசையில் அதிகம் முந்துகிறார்கள் என்று கேட்பது நடத்தை அறிவியல்.

"செயல்" என்ற சொல்லை வைத்துத் துறைக்குப் பெயர் சூட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பெயர் நிலைத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

அப்ப இது சைக்காலஜிதானே? எதுக்குப் புதுப் பேர்?

உளவியலுக்குத்தான் பெரிய பங்கு. ஆனால் அது மட்டும் போதாது. ஒரு மருத்துவமனையில் ஊழியர்கள் நோயாளியைத் தொடும் முன் கை கழுவுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் பழக்கத்தையும் கவனச் சிதறலையும் பார்ப்பார். சமூகவியலாளர், மூத்தவர் கழுவாதபோது இளையவர் எப்படிக் கழுவுவார் என்று கேட்பார். பொருளாதார அறிஞர் ஒவ்வொரு முறையும் செலவாகும் நேரத்தைக் கணக்குப் போடுவார். மானிடவியலாளர் "சுத்தம்" என்று அங்கே எதைச் சொல்கிறார்கள் என்று விசாரிப்பார். கடைசியில் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் ஒருவர் வேண்டும். பிரச்சினை ஒன்றே ஒன்று, அது எந்தத் துறையின் வேலியையும் மதிப்பதில்லை.

இந்தப் பெயர் 1950ஐ ஒட்டி அமெரிக்காவில் பரவியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் க்ரியர் மில்லரைச் சுற்றியிருந்த குழு, உயிரியலையும் சமூகத் துறைகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர ஒரு பொதுப்பெயரைத் தேடியது. ஃபோர்டு அறக்கட்டளை அந்தப் பெயரிலேயே நிதி ஒதுக்கியது. 1954இல் ஸ்டான்ஃபோர்டில் இதற்கென ஓர் உயராய்வு மையமும் தொடங்கியது. பெயருக்குப் பின்னால் ஒரு சின்னத் தந்திரமும் உண்டு: "சமூக அறிவியல்" என்று சொன்னால் பணம் தருபவர்கள் அதை சோஷலிசத்தோடு குழப்பிக்கொள்வார்களோ என்ற யோசனையும் இருந்ததாக மில்லரே 1955இல் எழுதியிருக்கிறார். மனிதர்கள் ஏன் இப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் துறைக்குப் பொருத்தமான பிறந்த கதைதான்.

சமூக அறிவியலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

எல்லைக்கோடு மங்கலானது. பொதுவாக, சமூக அறிவியல் நிறுவனங்கள், வர்க்கம், அரசு, வரலாறு போன்ற பெரிய அமைப்புகளில் தொடங்கும். நடத்தை அறிவியல் ஓர் ஆள் ஒரு நேரத்தில் செய்யும் செயலில் தொடங்கும். பல பல்கலைக்கழகங்கள் இரண்டையும் சேர்த்து ஒரே பலகையில் எழுதி மாட்டியிருக்கின்றன. இதற்காகச் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள், நான் போடுவதில்லை.

மணியடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும், எலி லீவரை அழுத்தும்னு படிச்சோமே, அதுதானா இது?

அது நடத்தைவாதம். இதன் முன்னோர்களில் ஒன்று, ஆனால் இதுவே அல்ல. பாவ்லவின் ஆய்வுகள் அதற்கு அடித்தளம் போட்டன. 1913இல் ஜான் வாட்சன், உள்ளே என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டு வெளியே தெரிவதை மட்டும் படிப்போம் என்றார். ஸ்கின்னர் அதைப் பெரிதாக வளர்த்தார்: பலன் கிடைத்த செயல் திரும்ப நடக்கும், கிடைக்காதது மங்கும். இன்றைய நடத்தை அறிவியல் அந்தக் கண்டுபிடிப்புகளை வைத்துக்கொண்டு, வெளியே தெரிவதை மட்டும் படிப்போம் என்ற கட்டுப்பாட்டைக் கைவிட்டது. நினைவு, கவனம், உணர்ச்சி, நம்பிக்கை எல்லாம் திரும்ப உள்ளே வந்துவிட்டன. நடத்தை சான்றாக வருகிறது. பேச வேண்டிய விஷயம் அது ஒன்றுதான் என்ற விதி இப்போது இல்லை.

மனுஷன் மனசு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும். இதை எப்படி அறிவியலா அளக்க முடியும்?

முதலில், ஆளையே கேட்டுவிடுவது போதாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்த உதாரணம் 2008இல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வு. மின்சாரத்தை ஏன் சேமிக்கிறீர்கள் என்று 800க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். சுற்றுச்சூழல், அடுத்த தலைமுறை, பணம் என்று காரணங்கள் வந்தன. பக்கத்து வீட்டார் சேமிக்கிறார்கள் என்பதைக் கடைசிக் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சேமிப்போடு அதிகம் ஒத்துப்போனது அதுதான். அடுத்து, வீட்டுக் கதவுகளில் வெவ்வேறு வாசகங்களைத் தொங்கவிட்டு மீட்டரைப் பார்த்தார்கள். "அக்கம்பக்கத்தில் பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள்" என்ற வாசகம்தான் மீட்டரை அதிகம் இறக்கியது. யாரும் பொய் சொல்லவில்லை. தன்னை எது அசைக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அந்த இரண்டாவது பகுதியில்தான் முறை இருக்கிறது. ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிப்பது, ஒரு குழுவுக்கு மட்டும் ஒன்றை மாற்றுவது, பிறகு எண்ணிப் பார்ப்பது. குலுக்கல் ஏன்? இல்லாவிட்டால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள், நாம் மாற்றத்துக்குக் காரணம் வாசகம் என்று ஏமாந்துபோவோம். ஒரு ஆள் நாளை என்ன செய்வார் என்று சொல்ல முடியாதுதான். ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்பது அவ்வளவு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவதில்லை.

குலுக்க முடியாத விஷயங்களும் நிறைய. வறுமையைக் குலுக்கிக் கொடுக்க முடியாது. அங்கே நீண்டகாலக் கண்காணிப்பு, பதிவேடுகள், நேர்காணல், உடன் தங்கிப் பார்ப்பது என்று வேறு கருவிகள் வருகின்றன. அவற்றை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். எதைச் சோதிக்கலாம் என்ற யோசனையே பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இதெல்லாம் பொது அறிவுதானே? எங்க பாட்டியே சொல்லிடுவாங்க.

பாட்டிகள் நிறையச் சொல்வார்கள், அதில்தான் சிக்கல். "பதறாத காரியம் சிதறாது" என்பார்கள். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றும் அவர்களே சொல்வார்கள். எது நடந்தாலும் பொருந்த ஒரு பழமொழி தயாராக இருக்கும். எந்த நேரத்தில் எது பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் கஷ்டம்.

ஒன்று சொல்கிறேன், விடையை ஊகியுங்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் பெற்றோர் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வந்தார்கள். பத்துக் காப்பகங்களில் ஆறில் தாமதத்துக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் என்ன ஆகியிருக்கும்? பொது அறிவுப்படி குறைந்திருக்க வேண்டும். ஏறியது. ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. அவர்கள் தந்த விளக்கம், அபராதம் என்பது விலையாகிவிட்டது என்பது. அதுவரை காத்திருக்கும் ஆசிரியர் முகத்தைப் பார்க்கக் கூச்சம் இருந்தது. காசு கொடுத்த பிறகு என்ன கூச்சம்?

இப்போது "இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்று தோன்றுகிறதா? விடையைக் கேட்ட பிறகு அப்படித் தோன்றும் என்பதையும் இந்தத் துறை ஆராய்ந்திருக்கிறது.

பொருளாதாரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நோபல் எல்லாம் கொடுத்திருக்காங்களே?

பழைய பொருளாதார மாதிரிகளில் மனிதன் எல்லாத் தகவலையும் எடைபோட்டுத் தனக்கு மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பான். ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே அது நடக்காத காரியம் என்றார். நேரமும் மூளையும் அளவுக்குட்பட்டவை, ஆகவே "இது போதும்" என்ற இடத்தில் தேடலை நிறுத்திவிடுகிறோம் என்பது அவர் வாதம். அவருக்கு 1978இல் நோபல் வந்தது. பிறகு உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் இப்படி முடிவெடுக்கும்போது நாம் செய்யும் தவறுகளுக்கு ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டினார்கள். 2002இல் கானமனுக்குப் பரிசு. ட்வெர்ஸ்கி 1996இலேயே இறந்துவிட்டார், இறந்தவருக்கு அந்தப் பரிசு கிடையாது. 2017இல் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலருக்கு.

"தவறுக்கு ஒழுங்கு" என்றால் என்ன என்று பார்க்க, 1981இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் வெளியிட்ட ஒரு கேள்வி. 600 பேரைக் கொல்லக்கூடிய நோய் வருகிறது. முதல் திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள். இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் எல்லோரும் பிழைப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் ஒருவரும் பிழைக்க மாட்டார்கள். 72 சதவீதம் பேர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறொரு குழுவிடம் அதே திட்டங்களை, முதலாவதில் "400 பேர் இறப்பார்கள்" என்று மாற்றிக் கேட்டபோது 78 சதவீதம் பேர் இரண்டாவதற்கு, அதாவது சூதாட்டத்துக்குப் போனார்கள். எண்கள் மாறவில்லை, பிழைப்பது என்ற சொல் இறப்பது என்று ஆனது, அவ்வளவுதான்.

நட்ஜ், நட்ஜ்னு சொல்றாங்களே, அதுதான் நடத்தை அறிவியலா?

அது ஒரு பயன்பாடு, அவ்வளவே. தடை போடாமல், பெரிய பணமும் வைக்காமல், தேர்வு வைக்கப்படும் விதத்தை மட்டும் மாற்றி ஆட்களை ஒரு பக்கமாக லேசாகத் தள்ளுவதுதான் நட்ஜ். 2010இல் பிரிட்டன் அரசு இதற்கென ஒரு குழுவையே அமைத்தது, பிறகு பல நாடுகள் பின்தொடர்ந்தன. அதிகம் பேசப்படும் கருவி டீஃபால்ட், அதாவது நாம் எதையும் தொடாமல் விட்டால் தானாக அமையும் தேர்வு. உடலுறுப்பு தானத்துக்கு ஒப்புதல் பற்றி 2003இல் வந்த ஓர் ஒப்பீட்டில் ஜெர்மனியில் 12 சதவீதம், பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். ஜெர்மனியில் சம்மதம் என்று பதிய வேண்டும், ஆஸ்திரியாவில் சம்மதமில்லை என்று பதிய வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்து மயங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அது பட்டியலில் உள்ள ஒப்புதல், நடந்த உறுப்பு மாற்றங்களின் எண்ணிக்கை அல்ல. குடும்பம் என்ன சொல்கிறது, மருத்துவமனையில் ஏற்பாடு இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு குறுக்கே வரும். இரண்டாவது, 2022இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பு. ஆய்விதழ்களில் வந்த நட்ஜ்கள் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளிகள் மாற்றம் காட்டின. அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் குழுக்கள் களத்தில் செய்த எல்லாச் சோதனைகளையும் ஒன்றுவிடாமல் சேர்த்தபோது 1.4. நன்றாக வந்தவை மட்டுமே அச்சேறுவது இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 1.4 என்பது பூஜ்யம் அல்ல, செலவும் குறைவு. ஆனால் மேடைகளில் விற்கப்படும் மந்திரக்கோலும் அல்ல.

இதைப் படிச்சா ஒருத்தர் முகத்தைப் பார்த்தே என்ன பண்ணுவார்னு சொல்லிடலாமா?

முடியாது. முடியும் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உளவியலாளர் கர்ட் லெவின் 1936இலேயே ஒரு சூத்திரம் எழுதினார்: நடத்தை என்பது ஆளையும் சூழலையும் சார்ந்தது. நாம் ஆளை மட்டும் பார்த்துச் சூழலை மறந்துவிடுகிறோம்.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960களின் தொடக்கத்தில் செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி நிஜமல்ல, ஆனால் கொடுப்பவருக்கு அது தெரியாது. அறியப்பட்ட வடிவத்தில் 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான் வரை, 450 வோல்ட் வரை போனார்கள். கட்டளையிடுபவர் அறையைவிட்டுப் போய்த் தொலைபேசியில் பேசியபோது அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவராக இறங்கியது. இந்த 26 பேரின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்த வித்தியாசம் தெரியாது. சிலர் அதிர்ச்சியை நம்பவே இல்லை என்ற விமர்சனமும் உண்டு, அதையும் சொல்லிவிடுவது நியாயம்.

அப்புறம் என்ன, ஆளுங்களை ஏமாத்தத்தானே இது உதவும்?

உதவும். மறுக்கவில்லை. ஒரே கிளிக்கில் சந்தாவில் சேர்த்துவிட்டு, விலக ஏழு பக்கம் அலையவிடும் இணையதளங்கள் மேலே சொன்ன டீஃபால்ட்டைத்தான் தலைகீழாகப் பயன்படுத்துகின்றன. நான் வைத்திருக்கும் அளவுகோல்: செய்வதை வெளியே சொல்லிவிட்டால் அந்த உத்தி இன்னும் வேலை செய்யுமா? தள்ளப்படுபவர் அதைக் கேட்டுத் தலையாட்டுவாரா, கோபப்படுவாரா? இது முழு விடை இல்லை, ஆனால் பாதி வழக்குகளை அங்கேயே தீர்த்துவிடும்.

ஆய்வுக்குள்ளும் இதே கேள்வி உண்டு. மில்கிராமின் சோதனையில் பங்கேற்றவர்கள் வியர்த்து, நடுங்கி, திக்கினார்கள். இன்று அதை அப்படியே செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. 1979இல் அமெரிக்காவில் வந்த பெல்மான்ட் அறிக்கை போன்றவை ஒப்புதல், தீங்கு, நியாயம் ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தன. அரசும் நிறுவனங்களும் தினமும் செய்யும் சோதனைகளுக்கு அதே கண்டிப்பு இன்னும் வரவில்லை என்பதுதான் என் குறை.

பாதி ஆராய்ச்சி திரும்பப் பண்ணா வரலையாமே? அப்ப எல்லாம் பொய்யா?

2015இல் ஒரு பெரிய குழு உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு காட்டியிருந்தன. திரும்பச் செய்ததில் 36 சதவீதம். பெரும்பாலானவை மோசடி அல்ல: மிகக் குறைவான ஆட்களை வைத்துச் செய்வது, வேண்டியது கிடைக்கும்வரை கணக்கை மாற்றிப் பார்ப்பது, நட்ஜ் பதிலில் சொன்ன அச்சேறும் பாரபட்சம். மோசடியும் நடந்திருக்கிறது. படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் ஆட்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்ற 2012 கட்டுரை, அதிலிருந்த தரவு போலி என்று தெரிந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய கட்டுரை அது. அதை நானே வகுப்பில் இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தேன்.

எல்லாம் பொய் என்று ஆகாது. 600 பேர் கேள்வி, டீஃபால்ட்டின் விளைவு போன்றவை பலமுறை திரும்ப வந்திருக்கின்றன. சில சுருங்கின. இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வருவார்கள் என்ற கதையை 900க்கும் மேற்பட்ட குழந்தைகளோடு 2018இல் மறுபடி பார்த்தபோது, தொடர்பு பாதியாகி, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது இன்னும் மெலிந்தது. இன்று பல ஆய்வாளர்கள், என்ன சோதிக்கப்போகிறோம் என்பதைத் தொடங்குமுன்பே பதிந்துவைக்கிறார்கள். இந்த அழுக்கைத் துறைக்குள் இருப்பவர்களே தோண்டி எடுத்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெம்பு தருகிறது.

அமெரிக்கக் காலேஜ் பசங்களை வச்சுப் பண்ணது எல்லாருக்கும் எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி, துறை இதைத் தாமதமாகத்தான் கேட்டுக்கொண்டது. 2010இல் ஜோசஃப் ஹென்ரிக்கும் உடன் எழுதிய இருவரும், மேற்கத்திய, படித்த, தொழில்மயமான, பணக்கார, ஜனநாயக நாட்டு மக்களை வைத்து "மனிதன்" என்று பொதுவாக எழுதிவிடுகிறோம் என்று சுட்டினார்கள். காட்சி மயக்கங்கள்கூட எல்லாச் சமூகத்திலும் ஒரே அளவில் ஏமாற்றுவதில்லை. ஆகவே ஒரு முடிவைப் படித்ததும் யாரிடம், எங்கே, எப்போது என்று கேளுங்கள். நுட்பங்களைக் கடன் வாங்கலாம். முடிவுகளைச் சொந்த இடத்தில் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

எல்லாத்துக்கும் சூழல்தான் காரணம்னா, தப்பு பண்றவன் பொறுப்பே இல்லையா?

மில்கிராமுக்குப் பிறகு எப்போதும் வரும் கேள்வி. அந்த 40 பேரில் 14 பேர் அதே அறையில், அதே கட்டளைக்கு மறுத்து நிறுத்தினார்கள். சூழல் எடையைக் கூட்டுகிறது, கையை அழுத்துவதில்லை. காரணத்தை விளக்குவது ஒன்று, மன்னிப்பது இன்னொன்று. யாரைத் தண்டிப்பது என்று இந்தத் துறை சொல்லாது, சொல்லவும் கூடாது. அறையைக் கட்டியவர் மீதும் ஒரு கண் வைக்கச் சொல்லும்.

இவ்வளவு படிச்சீங்களே, உங்க நடத்தை மாறிச்சா?

பெரிதாக இல்லை. கானமன் ஒருமுறை, முடிவெடுத்தல் பற்றிப் பள்ளிப் பாடநூல் எழுதும் குழுவில் இருந்தார். எத்தனை நாளாகும் என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள், இரண்டு ஆண்டுகளை ஒட்டி வந்தது. இதே மாதிரிக் குழுக்களை அறிந்த ஒருவரிடம் கேட்டபோது, முடித்தவர்களுக்கே ஏழு ஆண்டுகளாவது ஆனது என்றார். கேட்டுக்கொண்டார்கள், தொடர்ந்தார்கள். எட்டு ஆண்டுகளில் முடிந்தது. அதற்குள் கல்வி அமைச்சகத்துக்கு ஆர்வம் போய்விட்டதால் நூல் பயன்படவே இல்லை.

இந்தத் தொகுப்பை இரண்டு வார இறுதிகளில் முடிப்பதாக இருந்தேன். இது ஐந்தாவது மாதம்.